ரெய்டு சர்வரில் எஃப்எஸ்சிகே: ஓட்டும் முன்னும் ஓட்டிய பின்னும்

சர்வர் பூட் ஆகும்போது பாதியில் நின்று, "எதிர்பாராத முரண்பாடு, எஃப்எஸ்சிகே-யைக் கையால் ஓட்டுங்கள்" என்று சொல்லி எமர்ஜென்சி மோடில் உட்கார்ந்துவிட்டதா? எஃப்எஸ்சிகே என்பது ஃபைல் சிஸ்டத்தை, அதாவது டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்காக வைத்திருக்கும் அமைப்பை, சோதித்துத் திருத்தும் கருவி. எல்லாக் கேள்விக்கும் "ஆம்" சொல்லும் ஒய் தெரிவைப் போட்டு ஓட்டிவிடலாம் என்றுதான் கை போகும். சாதாரண ஒற்றை டிஸ்க் கணினியில் பல நேரம் அது பலிக்கும். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் ரெய்டு உள்ள சர்வரில் அதே பழக்கம் 12 டிபி தரவையும், மீட்ட துண்டுகளைப் போடும் லாஸ்ட்+ஃபவுண்ட் கோப்பகத்தில் பெயரில்லாத துண்டுகளாகக் கொட்டிவிடும்.

காரணம் எளிது. எஃப்எஸ்சிகே-க்குக் கீழே ரெய்டு இருப்பதே தெரியாது. தனக்குக் காட்டப்படும் பிளாக்குகளை (தரவுத் துண்டுகளை) அது அப்படியே நம்பும். பழைய தரவு உள்ள டிஸ்க் ஒன்று ரெய்டு வரிசைக்குள் (சேர்ந்து இயங்கும் டிஸ்க்குகளின் தொகுப்புக்குள்) நுழைந்திருந்தாலும், டிஸ்க்குகளின் இட ஒழுங்கு மாறியிருந்தாலும், கேபிள் கோளாறால் தப்பான பிட்கள் வந்தாலும், சரியாக இருப்பதையே தவறு என்று முடிவுகட்டித் திருத்தும். அந்தத் திருத்தம் டிஸ்க்கில் எழுதப்படும், பிறகு திரும்பி வர வழி கிடையாது. ஆகவே சோதனை கீழிருந்து மேலே போக வேண்டும்: முதலில் டிஸ்க், பிறகு ரெய்டு, கடைசியில்தான் ஃபைல் சிஸ்டம்.

லினக்ஸ் சாஃப்ட்வேர் ரெய்டையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். நான்கு 4 டிபி டிஸ்க், ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் பேரிட்டி என்ற கூடுதல் கணக்கிலிருந்து தரவை மீட்கும் வகை), மேலே எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம். ரெய்டை நிர்வகிக்கும் கட்டளை எம்டிஏடிஎம், சேர்ந்த டிஸ்க்குகள் எம்டி0 என்ற ஒரே டிவைஸாகத் தெரியும். கட்டளைப் பெயர்களை எழுத்தெழுத்தாக ஒலிக்கிறபடி தந்திருக்கிறேன். தட்டச்சு செய்யும் முன் ஒவ்வொன்றுக்கும் சர்வரிலேயே இருக்கும் மேன் பக்கத்தை (கட்டளையின் கையேட்டை) ஒருமுறை திறந்து பாருங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

- ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணும், அது எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்பதும். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பாதீர்கள். அடுத்த பூட்டில் அவை இடம் மாறலாம்.
- எஃப்எஸ்டேப் (எந்த ஃபைல் சிஸ்டத்தை எங்கே மவுண்ட் செய்வது, அதாவது இணைப்பது என்ற பட்டியல்), எம்டிஏடிஎம் கான்ஃப் (ரெய்டின் அமைப்பு) ஆகிய இரண்டு கோப்புகளின் நகல்.
- ஒவ்வொரு உறுப்பு டிஸ்க்கிலும் எம்டிஏடிஎம்-இன் எக்ஸாமின் தெரிவை ஓட்டி எடுத்த வெளியீடு. இதை யூஎஸ்பியில் சேமியுங்கள், தாளிலும் அச்சிடுங்கள். டிஸ்க்கின் இடம், சங்க் அளவு (ஒரு டிஸ்க்கில் தொடர்ச்சியாக எழுதப்படும் துண்டு), மெட்டாடேட்டா (ரெய்டு தன்னைப் பற்றி டிஸ்க்கில் எழுதும் குறிப்பு) பதிப்பு, தரவு தொடங்கும் ஆஃப்செட் எல்லாம் இதில்தான் இருக்கின்றன. நிலைமை மோசமானால் மீட்பு வேலைக்கு இந்தத் தாளே ஆதாரம்.
- கெர்னல் பதிவின் நகல். எமர்ஜென்சி மோடில் அது பெரும்பாலும் நினைவகத்தில் மட்டுமே இருக்கும், ரீபூட் செய்தால் போய்விடும்.
- ரெய்டுக்கு வெளியே, குறைந்தது 100 ஜிபி காலியிடம் உள்ள ஒரு டிஸ்க்.

செலவு என்று பார்த்தால், டிஸ்க்குகள் நலமாக இருந்தால் மேலே சொன்ன காலியிடம் தவிர எதுவும் தேவையில்லை. ஒரு டிஸ்க் தேய்ந்திருந்தால் அதற்கு ஈடாக ஒரு புதிய டிஸ்க் வாங்க வேண்டும். அளவு ஒரு செக்டர்கூட (டிஸ்க்கின் மிகச் சிறிய அலகு) குறையக் கூடாது. 4 டிபி என்று அட்டையில் போட்டிருந்தாலும் மாடலுக்கு மாடல் செக்டர் எண்ணிக்கை சற்று வேறுபடலாம். சந்தேகமாக இருந்தால் அடுத்த பெரிய அளவை வாங்குங்கள்.

நேரம்: 4 டிபி டிஸ்க்கை நொடிக்கு 150 எம்பி வேகத்தில் முழுதாகப் படிக்கச் சுமார் ஏழரை மணி நேரம். குளோன் (டிஸ்க்கை அப்படியே நகலெடுப்பது), ரீபில்டு (விழுந்த டிஸ்க்கின் தரவைத் திரும்பக் கட்டுவது), ரெய்டு சோதனை என எதுவானாலும் இந்தக் கணக்குத்தான் அடிமட்டம். பயனர்களிடம் "ஒரு மணி நேரத்தில் வந்துவிடும்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

2. தானாக ஓடும் சோதனையை நிறுத்துதல்

எஃப்எஸ்டேப் வரியின் ஆறாவது புலம்தான் பூட் நேரச் சோதனையைத் தீர்மானிக்கிறது. ரூட்டுக்கு 1, மற்றவற்றுக்கு 2, சோதனையே வேண்டாம் என்றால் 0. ரெய்டு பார்ட்டிஷனுக்கு இப்போதைக்கு 0 போடுங்கள். நோஃபெயில் என்ற மவுண்ட் தெரிவையும் சேர்த்தால் அது மவுண்ட் ஆகாவிட்டாலும் சர்வர் எழுந்துவிடும். நோஆட்டோவும் சேர்ப்பது இன்னும் நல்லது. சோதிக்காத ஃபைல் சிஸ்டம் தானாக மவுண்ட் ஆகி அதில் எழுதத் தொடங்கிவிடக் கூடாது. கோப்பைத் திருத்தவே முடியாத நிலையென்றால் பூட் மெனுவில் கெர்னல் வரியின் கடைசியில் எஃப்எஸ்சிகே மோடு ஸ்கிப் என்ற அமைப்பைச் சேர்க்கலாம். அது அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் செல்லும்.

ரூட் கணக்கு பூட்டப்பட்டிருக்கும் சர்வரில் எமர்ஜென்சி மோடுக்குள் நுழையவே முடியாது. அப்போது சிஸ்டம்ரெஸ்க்யூ போன்ற லைவ் யூஎஸ்பிதான் வழி. அதில் பூட் செய்தால் உங்கள் எம்டி0, எம்டி127 என்ற பெயரில் தென்படலாம். பதறாதீர்கள், அதே வரிசைதான்.

3. டிஸ்க்குகளைப் பாருங்கள்

டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் கொண்டு ஒவ்வொரு டிஸ்க்கின் முழு அறிக்கையையும் எடுங்கள். மேலே "பாஸ்டு" என்று வருவதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். சாகக் கிடக்கும் டிஸ்க்கும் அப்படிச் சொல்லும். பார்க்க வேண்டியவை நான்கே எண்கள் (முதலில் இருப்பது அறிக்கையில் அந்த வரியின் அடையாள எண்):

- 5: மாற்றியமைக்கப்பட்ட செக்டர்கள். சிலவே இருந்து பல மாதமாக ஏறாமல் இருந்தால் பொறுக்கலாம்.
- 197: படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள். பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் எஃப்எஸ்சிகே-யைத் தள்ளிவையுங்கள்.
- 198: மீட்க முடியாத செக்டர்கள். இதற்கும் அதே கதைதான்.
- 199: சிஆர்சி பிழைகள், அதாவது தரவு வழியில் கெட்டுப்போனவை. இது ஏறினால் டிஸ்க்கைக் குறை சொல்வதற்கு முன் கேபிளையும் பேக்பிளேனையும் (டிஸ்க்குகளைச் செருகும் பலகை) பாருங்கள். கேபிளை மாற்றினாலும் இந்த எண் இறங்காது, ஏறாமல் நின்றால் சரி.

டிஸ்க்குகள் ஹார்டுவேர் ரெய்டு கார்டுக்குப் பின்னால் இருந்தால் இந்த எண்கள் நேரடியாகத் தெரியாது. ஸ்மார்ட்சிடிஎல்-இல் டிவைஸ் வகையாக மெகாரெய்டு என்றும் அதன் பின் காற்புள்ளி போட்டு டிஸ்க் எண்ணையும் கொடுக்க வேண்டும். ஹெச்பியின் ஸ்மார்ட் அர்ரே கார்டுகளுக்கு அந்த வகை சிசிஐஎஸ்எஸ். கார்டு "ஃபாரின் கான்ஃபிகரேஷன்" என்று கேட்டால் கிளியர் என்பதைத் தொடவே தொடாதீர்கள்.

நல்ல டிஸ்க் வரிசையிலிருந்து விழுவதற்கு இன்னொரு காரணம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. மேசைக் கணினிக்கான மலிவு டிஸ்க், படிக்க முடியாத செக்டரை இரண்டு நிமிடத்துக்கு மேலும் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கும். லினக்ஸ் கெர்னலோ 30 நொடிதான் பொறுக்கும். பிறகு லிங்க்கை ரீசெட் செய்யும், ரெய்டு அந்த டிஸ்க்கைத் தூக்கி எறியும். சர்வர், நாஸ் வகை டிஸ்க்குகளில் அந்த முயற்சியைச் சீக்கிரம் கைவிடச் செய்யும் எஸ்சிடி இஆர்சி என்ற அமைப்பு உண்டு. அதை ஸ்மார்ட்சிடிஎல் மூலம் 70, 70 என்று வையுங்கள், 7 நொடி என்று பொருள். அந்த வசதி இல்லாத டிஸ்க்கா? சிஸ் கோப்பகத்தில் அந்த டிஸ்க்கின் டைம்அவுட் கோப்பில் 180 என்று எழுதுங்கள். மின்சாரம் போனால் இந்த அமைப்புகள் அழிந்துவிடும், ஆகவே பூட் ஸ்கிரிப்டில் போட்டுவையுங்கள்.

197 ஏறியிருக்கும் டிஸ்க்கை டிடிரெஸ்க்யூ கொண்டு புதிய டிஸ்க்குக்கு முதலில் குளோன் செய்யுங்கள். மேப் ஃபைல் கொடுக்காமல் ஓட்டாதீர்கள். இடையில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடர அது ஒன்றுதான் உதவும். நல்ல டிஸ்க் ஏழரை மணியில் முடியும், கெட்டது நாட்கணக்கில் இழுக்கும். முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். ஒரே அடையாளம் கொண்ட இரண்டு டிஸ்க்குகள் ஒரே சர்வரில் இருந்தால் எதை எடுப்பது என்று எம்டிஏடிஎம் குழம்பும். யூஎஸ்பி டாக்கில் வைத்துக் குளோன் செய்வதையும் தவிர்க்கலாம். சில டாக்குகள் செக்டர் அளவை 512-க்குப் பதில் 4096 என்று மாற்றிக் காட்டும்.

4. ரெய்டு என்ன சொல்கிறது

ப்ராக் கோப்பகத்தில் உள்ள எம்டிஸ்டாட் கோப்பைத் திறந்து பாருங்கள். நான்கு டிஸ்க்குக்கும் நான்கு "யு" இருந்தால் நலம். விழுந்த டிஸ்க்கின் இடத்தில் அடிக்கோடு நிற்கும். வரிசையே இன்ஆக்டிவ் (இயங்கவில்லை) என்றிருந்தால் எக்ஸாமின் வெளியீட்டுக்குப் போங்கள்.

அதில் ஈவென்ட்ஸ் (வரிசையில் நடந்த மாற்றங்களின் கணக்கு) என்ற எண்ணையும் அப்டேட் டைம் என்ற நேரத்தையும் நான்கு டிஸ்க்குக்கும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். உயிர்நாடியே இந்த ஒப்பீட்டில்தான் இருக்கிறது. மூன்று டிஸ்க்கில் 84210, ஒன்றில் 84196 என்று இருந்து, நேரமும் சில நொடிகளே வேறுபட்டால், எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகத்தான் நின்றிருக்கின்றன. ஒன்றில் மட்டும் 61000, நேரம் மூன்று மாதம் முந்தியது என்றால், அந்த டிஸ்க் அன்றே விழுந்துவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. அதை ஒருபோதும் வரிசைக்குள் கட்டாயப்படுத்திச் சேர்க்காதீர்கள். மூன்று மாதப் பழைய தரவும் இன்றைய தரவும் பட்டைபட்டையாகக் கலக்கும். அதன்மேல் ஓடும் எஃப்எஸ்சிகே எல்லாவற்றையும் தின்றுவிடும்.

வரிசையைக் கட்டும் அசெம்பிள் கட்டளையோடு ஃபோர்ஸ் தெரிவைப் போடுவது, வேறுபாடு சிறிதாக இருக்கும்போது மட்டுமே. ஒரு டிஸ்க் இல்லாத நிலையில் மின்சாரமும் திடீரென்று போயிருந்தால் கெர்னல் "டர்ட்டி டிகிரேடட்" என்று சொல்லித் தொடங்க மறுக்கும். அங்கேயும் ஃபோர்ஸ் தேவைப்படும். ஆனால் 6-வது படியில் சொல்லும் மேலுறையின் (எழுதப்படுவதைத் தனிக் கோப்புக்கு அனுப்பி அசலைக் காக்கும் அடுக்கு) மேல்தான் அதைச் செய்ய வேண்டும்.

வரிசையைப் புதிதாக உருவாக்கும் கிரியேட் கட்டளையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இணையத்தில் தேடினால் "அதே டிஸ்க்குகளை வைத்துத் திரும்பக் கிரியேட் செய்தால் சரியாகிவிடும்" என்று யாராவது எழுதியிருப்பார்கள். மெட்டாடேட்டா பதிப்பு, சங்க் அளவு, ஆஃப்செட், பேரிட்டி அமைப்பு, டிஸ்க்குகளின் இட ஒழுங்கு ஆகிய ஐந்தில் ஒன்று பிசகினாலும் கிடைப்பது குப்பை. பழைய எம்டிஏடிஎம்-இல் இயல்பான சங்க் 64 கேபி, பின்னர் வந்தவற்றில் 512 கேபி. ஆஃப்செட்டும் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. மேலும், கிரியேட் செய்ததும் பழைய மெட்டாடேட்டா அழிந்துவிடும், பேரிட்டியைத் திரும்பக் கணக்கிட்டு எழுதவும் தொடங்கிவிடும். வேறு வழியே இல்லாவிட்டால், மேலுறையின் மேல், அஸ்யூம் கிளீன் (பேரிட்டியைத் திரும்பக் கணக்கிடாதே) தெரிவோடு, அச்சிட்டு வைத்த தாளைப் பார்த்துச் செய்யுங்கள்.

ரீபில்டு ஓடிக்கொண்டிருக்கும்போது எஃப்எஸ்சிகே ஓட்டலாமா? தொழில்நுட்பப்படி ஓடும். ஆனால் இரண்டும் டிஸ்க்குகளைப் பிய்த்தெடுக்கும், இரண்டும் தவழும். ரீபில்டு முடியட்டும். அவசரமென்றால் சிங்க் ஆக்ஷன் கோப்பில் ஃப்ரோஸன் என்று எழுதி அதை நிறுத்திவைக்கலாம்.

5. எந்த டிவைஸின் மேல் ஓட்டுகிறீர்கள்?

ஓட்ட வேண்டியது எம்டி0 மேல், எஸ்டிஏ1 மேல் அல்ல. எல்எஸ்பிஎல்கே கட்டளை அடுக்கைப் படமாகவே காட்டும். எம்டிக்கு மேலே எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பிரித்துத் தரும் அடுக்கு) இருந்தால் லாஜிக்கல் வால்யூம்தான் இலக்கு, எம்டிக்குள் பார்ட்டிஷன் போட்டிருந்தால் அந்தப் பார்ட்டிஷன்.

ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் வைக்கும் ரெய்டு 1-இல் ஒரு பொறி இருக்கிறது. மெட்டாடேட்டா 0.90 அல்லது 1.0 என்றால் அது டிஸ்க்கின் கடைசியில் இருக்கும். அதனால் தனி டிஸ்க்கே முழு ஃபைல் சிஸ்டம் போலத் தோன்றும், எஃப்எஸ்சிகே-யும் முணுமுணுக்காமல் ஓடும். விளைவு, கண்ணாடிப் பிரதிகள் இரண்டும் வேறுவேறாகிவிடும், ரெய்டுக்கு அது தெரியவும் தெரியாது.

"சூப்பர்பிளாக் சொல்லும் அளவு ஒன்று, டிவைஸின் அளவு இன்னொன்று" என்று பிழை வந்தால் (சூப்பர்பிளாக் என்பது ஃபைல் சிஸ்டத்தின் தலைமைக் குறிப்பு) ஏறக்குறைய எப்போதும் தப்பான டிவைஸ் அல்லது தப்பாகக் கட்டப்பட்ட வரிசைதான் காரணம். நிறுத்தட்டுமா என்று அது கேட்கும். நிறுத்துங்கள்.

6. மேலுறை போடுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். கால் மணி நேர வேலை. எழுதப்படும் எல்லாம் தனிக் கோப்பு ஒன்றுக்குப் போகும், அசல் டிஸ்க்கில் ஒரு பிட்கூட மாறாது.

முதலில் எம்டி0-வை எம்டிஏடிஎம்-இன் ரீட்ஒன்லி தெரிவால் படிக்க மட்டும் என்று வையுங்கள். வெளி டிஸ்க்கில் ட்ரங்கேட் கட்டளையால் 100 ஜிபி வெற்றுக் கோப்பு ஒன்றை உருவாக்குங்கள். எழுத எழுதத்தான் அது இடம் பிடிக்கும். லோசெட்அப் மூலம் அதை லூப் டிவைஸாக்குங்கள், அதாவது கோப்பை டிஸ்க் போலக் காட்டுங்கள். பிளாக்டெவ் கட்டளையின் கெட்எஸ்இசட் தெரிவு எம்டி0-வின் அளவை 512 பைட் செக்டர்களில் சொல்லும், குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக டிஎம்செட்அப் கிரியேட். அதற்குக் கொடுக்கும் அட்டவணையில் வரிசையாக பூஜ்யம், அந்த அளவு, ஸ்னாப்ஷாட் என்ற சொல், எம்டி0, லூப் டிவைஸ், பெர்சிஸ்டன்ட் என்பதைக் குறிக்கும் பெரிய எழுத்துப் "பி", பிறகு 8. மேப்பர் கோப்பகத்தில் புதிய டிவைஸ் ஒன்று வரும். இனி எஃப்எஸ்சிகே அதன் மேல்தான்.

வரிசையே சந்தேகத்துக்குரியது, ஃபோர்ஸ் போட்டுத்தான் கட்ட வேண்டும் என்றால், எம்டி0-க்கு ஒன்று போடாமல் நான்கு டிஸ்க்குக்கும் தனித்தனி மேலுறை போட்டு, அவற்றைக் கொண்டு வரிசையைக் கட்டுங்கள். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: மேலுறைக் கோப்பு நிரம்பினால் ஸ்னாப்ஷாட் செல்லாததாகிவிடும். டிஎம்செட்அப் ஸ்டேட்டஸை அவ்வப்போது பாருங்கள். எஃப்எஸ்சிகே பல பத்து ஜிபி எழுதுகிறது என்றால் அதுவே கெட்ட சகுனம்.

7. இப்போது எஃப்எஸ்சிகே

எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலிருந்து ஓட்டுகிறீர்கள் என்றால் ஸ்கிரீன் அல்லது டிமக்ஸ் உள்ளே ஓட்டுங்கள். நடுவில் இணைப்பு அறுந்து எஃப்எஸ்சிகே செத்தால் பாதித் திருத்தத்தில் நிற்கும். வெளியீடு முழுவதையும் ஸ்கிரிப்ட் கட்டளையால் கோப்பில் பதியுங்கள்.

முதல் ஓட்டம் மேலுறையின் மேல், எஃப் (கட்டாயம் சோதி), ஒய் ஆகிய தெரிவுகளோடு. முன்னேற்றம் தெரியப் பெரிய எழுத்துச் "சி"யும் பூஜ்யமும். எல்லோரும் பரிந்துரைக்கும் "என்" என்ற எழுத்துத் தெரிவு எதையும் எழுதாது, உண்மைதான். ஆனால் அது ஜர்னலையும் (எழுதி முடிக்காத மாற்றங்களின் குறிப்பேடு) ஓட்டாது. மின்தடைக்குப் பின் ஜர்னல் ஓட்டாத ஃபைல் சிஸ்டத்தில் அது காட்டும் பிழைகளில் பாதி பொய். மேலுறை இருக்கும்போது அந்தக் கட்டுப்பாடு நமக்கு எதற்கு?

சூப்பர்பிளாக்கே கெட்டிருந்தால், 4 கேபி பிளாக் உள்ள எக்ஸ்ட்4-இல் அதன் நகல் 32768, 98304, 163840 ஆகிய பிளாக்குகளில் இருக்கும். பிளாக்கைக் குறிக்கும் சிறிய "பி"யோடு எண்ணையும், பெரிய "பி"யோடு 4096-ஐயும் கொடுங்கள். நகல்களின் இடத்தை அறிய ஃபார்மேட் செய்யும் எம்கேஇ2எஃப்எஸ்-ஐ "என்" என்ற எழுத்துத் தெரிவோடு ஓட்டச் சொல்வார்கள். அந்த ஒரு எழுத்தை மறந்தால் டிஸ்க் ஃபார்மேட் ஆகிவிடும். மேலே தந்த எண்கள் போதும்.

ஓட்டத்தில் ஐந்து கட்டங்கள். முதலாவது ஐநோடுகள் (ஒவ்வொரு கோப்பையும் பற்றிய குறிப்பு), இரண்டாவது கோப்பகங்கள், மூன்றாவது அவற்றின் தொடர்பு, நான்காவது இணைப்பு எண்ணிக்கை, ஐந்தாவது காலியிடக் கணக்கு. ஐந்தாவதில் காலி பிளாக் எண்ணிக்கை தவறு என்று வருவது பெரிய விஷயமில்லை, திருத்திவிடலாம். சில அநாதை ஐநோடுகளும் அப்படியே. முதல் கட்டத்திலேயே ஆயிரக்கணக்கில் செல்லாத பிளாக்குகள், வரிசையாக எல்லா குரூப்பிலும் செக்சம் பிழை, ஒரே பிளாக்குக்குப் பல கோப்புகள் உரிமை கோருவது என்று கொட்டினால் நிறுத்துங்கள். ஃபைல் சிஸ்டத்தில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு, ரெய்டு தப்பாகக் கட்டப்பட்டிருக்கிறது. 4-வது படிக்குத் திரும்புங்கள். ஒவ்வொரு முறை புதிய மேலுறையில் ஓட்டும்போதும் வேறுவேறு பிழைகள் வந்தால் ரேமைச் சந்தேகியுங்கள். மெம்டெஸ்ட்86+ ஓர் இரவு ஓடட்டும்.

கோப்புகள் குறைவான 12 டிபி எக்ஸ்ட்4, ஒரு மணிக்குள்ளும் முடியலாம். ஹார்டு லிங்க்குகள் (ஒரே கோப்புக்குப் பல பெயர்கள்) கோடிக்கணக்கில் உள்ள பேக்கப் சர்வர் என்றால் ரேம் தீர்ந்து கெர்னல் எஃப்எஸ்சிகே-யைக் கொன்றுவிடும். எக்ஸ்ட்4-இன் எஃப்எஸ்சிகே-க்கான இ2எஃப்எஸ்சிகே கான்ஃப் கோப்பில் ஸ்க்ராட்ச் ஃபைல்ஸ் என்ற பகுதியைச் சேர்த்து ஒரு கோப்பகத்தைக் காட்டினால் ரேமுக்குப் பதில் டிஸ்க்கைப் பயன்படுத்தும். மிக மெதுவாக ஓடும், ஆனால் முடியும்.

முடிந்ததும் எக்ஸிட் எண்ணைப் பாருங்கள். 0 பிழையில்லை, 1 திருத்தியாயிற்று, 2 திருத்தியாயிற்று ரீபூட் தேவை, 4 திருத்தாமல் விட்டவை உள்ளன, 8 ஓட்டத்திலேயே கோளாறு. இவை கூடியும் வரும், 12 என்றால் 4-உம் 8-உம்.

மேலுறை டிவைஸைப் படிக்க மட்டும் மவுண்ட் செய்து பெரிய கோப்புகள் சிலவற்றைத் திறந்து பாருங்கள். சங்க் அளவைவிடச் சிறிய கோப்பு, வரிசை தப்பாக இருந்தாலும் சரியாகத் திறந்து ஏமாற்றும். பல எம்பி உள்ள படமோ ஜிப் கோப்போ முழுதாகத் திறந்தால்தான் நம்பலாம். திருப்தி என்றால் மேலுறையைக் கலைத்துவிட்டு, ரீட்ஒன்லியை நீக்கி, அசல் எம்டி0 மேல் அதே கட்டளையை ஓட்டுங்கள். இசட் தெரிவில் வெளி டிஸ்க்கில் ஒரு கோப்புப் பெயர் கொடுத்தால், இ2அன்டூ கொண்டு பின்வாங்கவும் வழி இருக்கும்.

8. எக்ஸ்எஃப்எஸ் என்றால்

எக்ஸ்ட்4-க்குப் பதில் எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் இருந்தால், அதற்கான எஃப்எஸ்சிகே எதையும் சோதிப்பதில்லை. வெற்றி என்று சொல்லிவிட்டுப் போய்விடும், ஏமாறாதீர்கள். கருவி எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேர். முதலில் ஒருமுறை மவுண்ட் செய்து லாக் (அதன் ஜர்னல்) ஓட விடுங்கள், அன்மவுண்ட் செய்துவிட்டு ரிப்பேரை ஓட்டுங்கள். மவுண்டே ஆகவில்லை என்றால் பெரிய எழுத்து "எல்" தெரிவு லாக்கைப் பூஜ்யமாக்கும். கடைசி நேர மாற்றங்கள் தொலையும். அதையும் மேலுறையில் முதலில்.

9. சர்வரைத் திரும்பக் கொடுக்கும் முன்

லாஸ்ட்+ஃபவுண்ட் கோப்பகத்தில் எண் பெயரோடு கிடப்பவற்றை ஃபைல் கட்டளையால் வகை பிரியுங்கள். முழுக் கோப்பகமே அங்கே வந்திருந்தால் உள்ளே பெயர்கள் அப்படியே இருக்கும், நகர்த்தினால் போதும்.

சிங்க் ஆக்ஷன் கோப்பில் செக் என்று எழுதி ரெய்டு முழுவதையும் ஒருமுறை படிக்க விடுங்கள், அதற்கு இன்னோர் ஏழெட்டு மணி. முடிவில் மிஸ்மேட்ச் எண்ணைப் பாருங்கள். ரெய்டு 1-இல் ஸ்வாப் இருந்தால் சிறு எண் சகஜம். ரெய்டு 5-இல் பூஜ்யம்தான் வேண்டும். பூஜ்யம் இல்லையே என்று உடனே ரிப்பேர் எழுதாதீர்கள். எந்த டிஸ்க் பொய் சொல்கிறது என்று ரெய்டு 5-க்குத் தெரியாது. தரவு சரி, பேரிட்டி தவறு என்று எடுத்துக்கொண்டு பேரிட்டியை மாற்றி எழுதும்.

தளர்ந்துபோன, ஆனால் இன்னும் ஓடும் டிஸ்க்கை மாற்ற, அதை ஃபெயில் என்று குறித்துக் கழற்றாதீர்கள். புதியதைச் சேர்த்துவிட்டு ரீப்ளேஸ் தெரிவைப் பயன்படுத்துங்கள். நகல் முடியும்வரை பழையதும் வரிசையில் இருக்கும், நடுவில் இன்னொன்று தடுமாறினாலும் கையில் பிடிமானம் இருக்கும்.

எம்டி127 என்ற பெயர் தொடர்ந்தால், எம்டிஏடிஎம் டீடெயில் ஸ்கேன் வெளியீட்டைக் கான்ஃப் கோப்பில் சேர்த்து, டெபியன், உபுண்டுவில் அப்டேட் இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையை ஓட்டுங்கள். எஃப்எஸ்டேப்பில் டிவைஸ் பெயருக்குப் பதில் யூயூஐடி (மாறாத அடையாள எண்) போடுங்கள், நோஆட்டோவை எடுத்துவிடுங்கள். 0 ஆக்கிய ஆறாவது புலத்தைத் திரும்ப 2 ஆக்க மறக்க வேண்டாம். எம்டிஏடிஎம் கான்ஃபில் மெயில் முகவரியை நிரப்பி, மானிட்டர், டெஸ்ட், ஒன்ஷாட் தெரிவுகளோடு ஒருமுறை ஓட்டி, மெயில் உண்மையிலேயே வந்து சேருகிறதா என்று பாருங்கள்.